மூன்று புள்ளி நான்கு, என் மனைவி

என் வாழ்க்கை வரலாற்றில் என் மனைவி ஒரு தனி அத்தியாயம். அப்படித்தான் எழுதியிருந்தேன். சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து கணினியைப் பார்த்தால், அவள் உட்பிரிவாகியிருந்தாள்.

அதிலும் எதன் உட்பிரிவு? மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு 'நான் இழந்தவை'. அதன் கீழே 3.1 தலைமுடி. 3.2 குடைகள். 3.3 பதவி உயர்வு. 3.4 என் மனைவி. அவளுக்குரிய நான்காம் அத்தியாயத்தில் என் முழங்கால் வலி ஏறி உட்கார்ந்திருந்தது.

வெளியூரில் இருக்கும் மகள் கேட்டாள் என்றுதான் எழுதத் தொடங்கினேன். அன்று மதியம் அவளுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் அச்சடித்துத் தானும் படித்துப் பார்ப்பதாக மனைவி சொல்லியிருந்தாள். அடுப்படியில் உயிரோடு நிற்பவளை இழந்தவற்றில் சேர்த்தவனுக்கு வீட்டில் என்ன கிடைக்கும்? சாப்பாடு கிடைக்கும். பேச்சு கிடைக்காது.

தாள் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவளைக் கடைக்கு அனுப்பினேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் கணக்கு வாத்தியார். மூன்றுக்குப் பிறகு நான்கு என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன். 3.4ஐப் பிடித்துத் திருத்தப் பார்த்தேன். அது தானாக முளைத்த எண்ணாம்; சுட்டிக்கு அகப்படவே இல்லை. சரி, கையாலேயே ஒரு நான்கை அடித்துவிடுவோம் என்று அடித்தேன். '3.4 4 என் மனைவி' என்று வந்தது. முதல் மூன்று பேர் யாரப்பா என்று மகள் கேட்பாள்.

கை ஓய்ந்துபோய் உட்கார்ந்தேன். நான் சொல்லாததை இந்த இயந்திரம் ஏன் செய்தது? கொஞ்ச காலமாகவே சாயங்காலங்களில் அவள் பேசுகிறாள், நான் 'ம்' போடுகிறேன். எண்ணைப் போட்டது இயந்திரம்தானா, இல்லை என்னையறியாமல் நானேவா?

பின்னாலிருந்து ஒரு தாள்கட்டு மேசையில் விழுந்தது. அலமாரியில் இன்னொரு கட்டு பிரிக்காமலே இருக்கிறது என்று தகவல் சொன்னாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"அதைப் போட்டு நோண்டாதீங்க. நான்தான் உள்ளே தள்ளினேன்."

"நீயா?"

"நீங்க குளிக்கப் போனப்போ படிச்சேன். தலைமுடிக்கு மூணு பக்கம். எனக்கு அரைப் பக்கம். அரைப் பக்கத்துக்கு எதுக்குங்க தனி அத்தியாயம்?"

காப்பீட்டு அலுவலகத்தில் நாளெல்லாம் அறிக்கை தயாரிக்கிறவள். அவளுக்கு இதெல்லாம் ஒரு பொத்தான் வேலை. பழையபடி வெளியே எடுத்துவிடும்மா என்று கெஞ்சினேன்.

"முதல்ல எழுதுங்க. அப்புறம் எடுக்கறேன்."

எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவையை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பவள் என்று எழுதினேன். சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் நாளிலும் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைப்பவள் என்று எழுதினேன். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. இத்தனையும் எனக்குள் இருந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

நின்றபடியே படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலைந்து பொத்தான்களைத் தட்டினாள். மகளுக்கு அனுப்பியும் விட்டாள்.

அவள் எழுந்து போனதும் நான்காம் அத்தியாயத்தை ஆசையோடு தேடினேன். இல்லை. புத்தகத்திலேயே இப்போது ஒரு அத்தியாயம்தான்: 1. என் மனைவி.

நான் பிறந்தது 1.1.