மாமனாரை நிறுத்திப் பிரேக் பார்த்த கதை

நடுரோட்டில் காரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அடுத்தவர் நெல்லில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். வெளியில் கேட்டால் ‘ஸ்லிப் ஆயிடுச்சு’ என்பேன். அது பொய். நானே என் கையால் திருகித்தான் அப்படிச் சுற்ற வைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தஞ்சாவூரில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. சம்பளம் முழுவதும் ஒரு பழைய காருக்குள் போய்க்கொண்டிருந்தது. அதன் எஞ்சினை மாற்றி, உயரத்தைக் குறைத்து, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டு, அதை ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். (ஏறி உட்கார்ந்துவிடலாம். எழுந்திருக்கத்தான் இன்னொரு ஆள் கை கொடுக்க வேண்டும்.)

மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. பிரேக் மிதித்தால் முன்சக்கரத்துக்கு எவ்வளவு போகிறது, பின்சக்கரத்துக்கு எவ்வளவு போகிறது என்பதைச் சரிப்படுத்துவது. ஹேண்ட் பிரேக் பக்கத்தில் ஒரு திருகு வைத்திருந்தேன். வலப்பக்கம் திருகினால் பின்னால் பிடிப்பு கூடும். அடித்துப் பிடிக்கும்போது முன்சக்கரம் ஒரு நூல் முந்திப் பூட்டிக்கொண்டு சுழலாமல் நிற்க வேண்டும். பின்சக்கரம் முந்திக்கொண்டால் வண்டியின் வால் முன்னால் வந்துவிடும். இதையெல்லாம் வீடியோ பார்த்து மனப்பாடமாக வைத்திருந்தேன்.

எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்பது உள்ளே இருப்பவனுக்குச் சரியாகத் தெரியாது. வெளியே நின்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் காட்ட மயிலாடுதுறையிலிருந்து என் வருங்கால மாமனார் வந்திருந்தார். நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம். முப்பது வருஷம் பஸ் ஓட்டி, ஒரு கீறல் விழாமல் ஓய்வுபெற்றவர். இவரை விடத் தகுந்த ஆள் ஏது?

“ஒரு சின்ன டெஸ்ட் மாமா. நீங்க நின்னு பார்த்தா போதும்” என்றேன்.

“போலாமே மாப்ள” என்றார். வரும் வழியெல்லாம் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

ஒரத்தநாடு பக்கம் புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத ஒரு சாலை இருந்தது. நடுவில் வாய்க்கால் பாலம். பாலத்து மேட்டில் மாமாவை ஓரமாக நிறுத்தினேன்.

“முன்சக்கரம் பூட்டுனா ‘முன்னாடி’ன்னு சொல்லுங்க. பின்சக்கரம்னா ‘பின்னாடி’. அவ்வளவுதான் மாமா.”

முதல் தடவை நாற்பதில் வந்து மிதித்தேன். “முன்னாடி!” என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் முன்சக்கரம் அளவுக்கு மீறி முந்துவதாகப் பட்டது, அதனால் பின்னால் கொஞ்சம் கூட்டினேன். அடுத்த தடவை அறுபதில் வருவோம், அவரைத் தாண்டி நிறுத்துவோம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வெகுதூரம் போனேன்.

நான் போன நேரத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டிரெய்லர் வந்து நின்று, அறுத்த குறுவை நெல்லை ரோட்டில் கொட்டியிருக்கிறது. காயப்போட இதைவிட நல்ல களம் கிடைக்குமா? பாலத்தில் நின்றவருக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. தரையோடு தரையாக வந்த எனக்கு மேடு மட்டும்தான் தெரிந்தது.

மாமா இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக் கத்தினார். “மாப்ள! முன்னாடி! முன்னாடி!”

நான் இன்னும் பிரேக்கில் காலே வைக்கவில்லை. அதற்குள் எப்படிக் கண்டுபிடித்தார்? ஒரு கணம் யோசித்தேன். முப்பது வருஷ சர்வீஸ் ஆயிற்றே, வண்டி வருகிற தினுசைப் பார்த்தே சொல்லிவிடுவார் போலிருக்கிறது என்று மெய்சிலிர்த்தது. ஓடுகிற வண்டியிலேயே திருகை வலப்பக்கம் இரண்டு சுற்று திருகினேன். மேடு ஏறி இறங்கினேன். நெல்லைப் பார்த்தேன். மிதித்தேன்.

வால் முன்னால் வந்தது. வயல், வாய்க்கால், மாமா, மறுபடியும் வயல். நின்றபோது வண்டிக்குள்ளேயும் நெல். நல்லவேளை, ஆட்கள் எல்லோரும் டிரெய்லருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஒருவர் மேலும் படவில்லை. பாதி நெல் சாலையோர ஜல்லியில் கிடந்தது.

மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். “முன்னாடி பாருங்க, பாருங்கன்னு தொண்டை கிழிய கத்துறேனே, காதுல விழலையா?”

“விழுந்துச்சு மாமா. நீங்க முன்சக்கரத்தச் சொல்றீங்கன்னு...”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், மாதிரிப் பத்திரிகையில் என் பெயர் மெல்ல அழிவது தெரிந்தது.

நெல்லுக்குச் சொந்தக்காரர் வசந்தா அக்கா. கையில் விளக்குமாறோடு வந்தார். “மேகம் கூடிக்கிட்டு வருது. மழைக்கு முன்ன இத கொள்முதல் நிலையத்துல சேக்கணும். கல்லும் மண்ணுமா கொண்டுபோனா யாரு எடுப்பா? சொல்லுங்க தம்பி.”

“நான் பொறுக்கித் தர்றேங்கக்கா” என்றேன்.

விளக்குமாறு என் கைக்கு வந்தது. கூட்டினேன், சலித்தேன், குந்தி உட்கார்ந்து கல் பொறுக்கினேன். சீட்டுக்கு அடியில் கிடந்ததைக்கூட வழித்துப் போட்டேன். மாமாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முறத்தை வாங்கிப் புடைத்தார். மூன்று மணி நேரம் ஆனது. கடைசி மூட்டையை ஏற்றித் தார்ப்பாய் கட்டி முடித்தபோதுதான் முதல் தூறல் விழுந்தது. வசந்தா அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமா திரும்பும்போது என் காரில் ஏறவில்லை. “நான் பஸ்லயே போய்க்கிறேன் மாப்ள.”

ராத்திரி, எனக்கு நிச்சயமான நித்யாவுக்குப் பயந்து பயந்து போன் செய்தேன். “அப்பா என்ன சொன்னாங்க? கல்யாணம் இருக்கா?”

“வண்டி ஓட்டத் தெரியலைன்னாங்க” என்றாள். “ஆனா மாப்ள ஓடி ஒளியலையாம். ஒரு நெல்மணி விடாம பொறுக்கிக் குடுத்துட்டுத்தான் நிமிர்ந்தாராம். அந்தக் காரை மட்டும் வித்துடச் சொன்னாங்க.”

விற்றேன். கல்யாணமும் நடந்தது. தாலி கட்டி, அட்சதை மழையாகக் கொட்டி, மேடையெல்லாம் அரிசி சிதறிக் கிடந்தபோது மாமா என் காதருகே குனிந்தார். ஆசீர்வாதம் என்று நினைத்து நானும் தலையைச் சாய்த்தேன்.

“குனிஞ்சிடாதீங்க மாப்ள. மண்டபத்துல கூட்டுறதுக்குத் தனியா ஆள் இருக்கு.”

மைக் பக்கத்தில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், அட்சதை விழுந்த அடுத்த நொடி முன்வரிசை முழுவதும் திரும்பி என்னைத்தான் பார்க்கும்.