ஓ.எம்.ஆருக்குக் குடிபோன கதை

இந்த வருஷம் காஞ்சிபுரம் செவிலிமேட்டைக் காலி செய்து மெட்ராசில் குடியேறியே தீருவது என்று முடிவெடுத்தேன். என் முடிவுகள் எதுவும் வீட்டில் காலை டிபனைத் தாண்டாது. இது மத்தியானம் வரை உயிரோடு இருந்தது. அதில்தான் தைரியம் வந்தது.

நான் மெட்ராஸ் ஓ.எம்.ஆரில் ஒரு யூடியூப் கம்பெனியில் எடிட்டர். கல்யாண வீடுகளைப் படம் பிடித்துப் போடும் சேனல். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். எடிட்டிங்கைவிட பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

"ஷாரோனு, இன்டர்நெட் கம்பெனியெல்லாம் பெரிய ஊர்லதான்மா வளரும். ஒரே தெருவுல பத்து கம்பெனி. கீழ டீ குடிக்கப் போனா ஒருத்தன் கேமரா வச்சிக்கினு நிப்பான், ஒருத்தன் மியூசிக் போடுவான், ஒருத்தன் விளம்பரம் புடிச்சுக் குடுப்பான். டீ ஆறறதுக்குள்ள வேல முடிஞ்சிடும்."

என் மனைவி ஷாரோன், ஆரி ஊசியால் பூவேலை செய்துகொண்டிருந்த ப்ளவுஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இங்க ஒரு வீட்ல சாயம் போடறாங்க, அடுத்த வீட்ல பாவு ஓட்டறாங்க, எதிர்ல ஜரிகை விக்கிறாங்க. இத கத்துக்கவா தினம் ஆறு மணி நேரம் பஸ்ல போற?"

"அது நெசவு. இது நியூ மீடியா!"

"என் கஸ்டமருங்கள வுட்டுட்டு எங்கபா வர்றது? ஆசயா மாடி வேற கட்டிக்கீறோம்."

"பூட்டிடலாம்."

அவள் பார்த்த பார்வையில் என் வாய்தான் பூட்டிக்கொண்டது. பிறகு என்ன நினைத்தாளோ, "உன் மொதலாளிய சாப்பிடக் கூட்டிக்கினு வா. அவரு வாயால சொல்லட்டும். பொட்டி கட்டிடறேன்" என்றாள்.

வலையில் விழுந்துவிட்டாள்! அன்றைக்கே முதலாளி இம்தியாசுக்கு மெயில் தட்டினேன். 'என்னை நிரந்தரமாக மெட்ராசிலேயே இருக்கச் சொல்லி உத்தரவு போடவும்.'

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வஞ்சிர மீன் குழம்பு. பார்த்தால், பக்கத்து வீட்டு திரிஷாவும் எதிர்வீட்டு நஸ்னீனும் பந்தியில் இருக்கிறார்கள்.

"இவங்க எதுக்கு?" என்று காதைக் கடித்தேன்.

"குழம்பு நெறைய வச்சிட்டேன்பா."

முதலாளி நன்றாகத்தான் ஆரம்பித்தார். "கம்பெனி வளரணும்னா சுத்தி ஆளுங்க இருக்கணும்மா. டிசைனுக்கு, வாய்ஸுக்கு..."

"டிசைனு திரிஷா பண்ணும் சார். நஸ்னீன் தமிழ், தெலுங்கு, உருது மூணுலயும் பேசும். மீன் இன்னொரு துண்டு வைக்கட்டா?"

"ஷூட்டிங்குக்குத் தோதான எடமும்..."

"வாரத்துல நாலு நாள் உங்க பசங்க இங்கதான சார் கீறாங்க? முகூர்த்தப் பட்டு எடுக்க வேன்ல வர்ற குடும்பத்தத்தான புடிக்கிறாங்க?"

அவர் கை பாதி வழியில் நின்றது. "அங்க வாடகை வேற தாங்கல" என்று முனகினார்.

"மாடி காலியா இருக்குது சார். நெட்டும் இருக்குது. ஒரு தபா பாருங்க."

இருமினேன். கண்ணைக் காட்டினேன். மேசைக்குக் கீழே ஷாரோனின் காலை மிதித்தேன். "அண்ணா, அது என் காலு" என்றாள் நஸ்னீன்.

மாடி ஏறியவர் சாவியோடு இறங்கினார். அடுத்த மாதம் ஆபீஸ் மொத்தமும் இங்கேயாம்.

யோசித்துப் பார்த்தேன். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மெட்ராஸ் யாருக்கு வேண்டும்? இனி பஸ்ஸே கிடையாது! லுங்கியோடு படியேறினால் ஆபீஸ்!

"சார், நான் எந்த மூலையில உக்காரட்டும்?"

"நீங்க எதுக்கு ஜோசுவா? டீக்கடையில நாலு பேர்கிட்ட பேசி விளம்பரம் புடிக்க மெட்ராஸ்ல ஒரு ஆள் வேணுமே. நீங்கதான் எழுதியே குடுத்துட்டீங்க!"

"ஆசப்பட்டுக் கேட்டுச்சு சார். இல்லன்னு சொல்லிடாதீங்க" என்றாள் ஷாரோன்.

அழுகையே வந்துவிட்டது. இப்போது ஓ.எம்.ஆரில் மூன்று பேர் அறையில் நான் நாலாவது ஆள். என் வீட்டில் ஆபீசே உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுகிறது. எனக்கு தினம் டீயும் பன்னும்.

போன வாரம் தாங்க முடியாமல் முதலாளிக்குப் போன் போட்டேன். "சார், ரெண்டு நாள் லீவு குடுங்க. வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"லீவெல்லாம் இப்ப காஞ்சிபுரம் மேனேஜர்தான் பாக்கறாங்க. இருங்க, குடுக்கறேன்."

போன் கை மாறியது. ஷாரோன் பேசினாள்.

"இன்னா காரணம்னு ரெண்டு வரி எழுதி அனுப்புபா. பாத்துட்டு சொல்றேன்."