ஆதிநாராயணனின் தொண்டை

ரோஸ்மில்க்கைக் குடித்துவிட்டு காரிலிருந்து இறங்கிய மறுநிமிடமே ஆதிநாராயணனுக்குக் குரல் போய்விட்டது.

"வாங்க சார், நம்ம கிரவுண்டைப் பாருங்க" என்று காஸ்பர் பெருமையோடு கையை நீட்டினார். மனிதர் பார்த்தார். கோடு போட்டிருந்த ஆடுகளத்தையும், அதில் தொடை தட்டிக்கொண்டிருந்த நல்லூர் அணியையும் பார்த்தார். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு, காற்று இறங்கின சைக்கிள் டியூப் மாதிரி "ஹ்ஹ்" என்றார்.

"சார்?"

"ஹ்ஹ்."

தமிழ்நாட்டில் டிவி இருக்கிற வீடெல்லாம் அறிந்த குரல் அது. கிரிக்கெட் வர்ணனையில் அவர் "பறக்குது... பறக்குது..." என்று ஆரம்பித்தால் அடுப்படியில் இருப்பவர்கள்கூடக் கரண்டியும் கையுமாக ஓடி வருவார்கள். அப்பேர்ப்பட்டவரை மாதா கோவில் பங்குத் திருவிழா கபடி பைனலுக்கு வர்ணனை சொல்ல விருத்தாசலத்துக்கே வரவழைத்திருந்தார், செராமிக் கம்பெனி சூப்பர்வைசரான காஸ்பர். அந்த ரோஸ்மில்க்கில் ஐஸைத் தூக்கலாகப் போடச் சொன்னவரும் அவரேதான்.

ஆதிநாராயணனை மைதானத்துக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்குள் அவசரமாக அழைத்துப் போனார்.

"ஆன் மேரி! சாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஏதாவது பண்ணேன்!"

காஸ்பரின் மனைவி ஆன் மேரி ஏதாவது பண்ணுவதற்கென்றே பிறந்தவள். மிளகு, சுக்கு, சித்தரத்தை எல்லாவற்றையும் தட்டிப்போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஒரு கஷாயத்தோடு வந்தாள். ஆதிநாராயணன் இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் என்றார்.

"கூச்சப்படாதீங்க சார். உங்க வூடு மாதிரி நெனச்சுக்குங்க."

ஒரே மடக்கில் குடிக்க வைத்தார்கள். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. குரல் மட்டும் வரவில்லை.

"சளி எளகுது" என்றாள் ஆன் மேரி திருப்தியாக. "ஆவி புடிச்சா சரியாயிடும்."

போர்வையைத் தலையோடு போர்த்தி உட்கார வைத்தார்கள். உள்ளேயிருந்து எழுந்திருக்க முயன்ற தலையைக் காஸ்பர் பக்குவமாக அமுக்கிக்கொண்டார். போர்வையை எடுத்தபோது ஆதிநாராயணனின் முகம் அப்போதுதான் சூளையிலிருந்து இறக்கிய பொம்மை மாதிரி பளபளவென்று சிவந்திருந்தது.

"இப்ப பேசிப் பாருங்க சார்."

"ஹ்ஹ்."

அந்த நேரம் பார்த்து, காஸ்பரோடு வேலை பார்க்கும் பக்கிரி எட்டிப் பார்த்தான். "என்னாண்ணே, இதுக்குப் போயி கலங்குறீங்க? சுண்ணாம்பும் மஞ்சளும் கொழச்சுப் பத்து போடுங்க. எரிச்சல்ல கொரலு தானா வரும்."

எரிச்சல் வந்தது. தொண்டை முழுக்கச் சிவப்புப் பூச்சோடு ஆதிநாராயணன் விட்டத்தைப் பார்த்து மௌனமாகக் கண்ணீர் விட்டார். வெளியே கூட்டம் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. காஸ்பர் பக்கத்து கிளினிக் டாக்டரைக் கையோடு இழுத்து வந்தார்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "வீக்கம் ஒண்ணும் தெரியலையே" என்று தலையைச் சொறிந்தார். "எதுக்கும் ஒரு சத்து ஊசி போட்டு வைப்போம்."

ஆதிநாராயணன் கட்டிலிலிருந்து குதித்தார். காஸ்பர் ஒரு தோளையும் பக்கிரி மறு தோளையும் பிடித்துக்கொள்ள, ஊசி இறங்கியது.

"ஐயோ... அம்மாஆஆ!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மைதானத்தில் கூட்டம் ஒரு கணம் அமைதியாகி, "தலைவரு டெஸ்ட் பண்றாரு!" என்று விசிலடித்தது.

"வந்துடுச்சு! கொரலு வந்துடுச்சு!" என்று காஸ்பர் துள்ளினார்.

ஆதிநாராயணன் திடுக்கிட்டவராகத் தொண்டையைப் பொத்திக்கொண்டார். "ஹ்ஹ்" என்றார்.

காஸ்பர் டாக்டரை முறைத்தார். மிச்சம்மீதி இருந்த கொஞ்சம் குரலும் அந்த ஒரு கத்தலில் செலவாகிவிட்டதே!

கடைசியில் வேறு வழியில்லாமல் ஆன் மேரிதான் மைக்கைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்குவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. "டேய் நல்லூரு, கால நீட்டாதடா, புடிச்சுடுவான்... ஐயய்யோ, புடிச்சுட்டான் பாரு! சொன்னா கேட்டாத்தானே!" என்று தன்னை மறந்து திட்ட ஆரம்பித்தாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஜெயித்த செராமிக் கம்பெனி அணியைவிட அவளுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

அதெல்லாம் காஸ்பரின் காதில் ஏறவில்லை. மேடைக்குப் பின்னால், பத்து போட்ட தொண்டையோடு உட்கார்ந்திருந்த ஆதிநாராயணனுக்கு விசிறிவிட்டபடி ஞாயிற்றுக்கிழமையை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு டிவியில் பெரிய கிரிக்கெட் மேட்ச். வர்ணனைக்கு இவர் வாயைத் திறந்து "ஹ்ஹ்" என்றால் தமிழ்நாடே விருத்தாசலத்தைத்தான் கேட்கும். விருத்தாசலம் நேராகக் காஸ்பர் வீட்டுக்கு வரும்.

விழா முடிந்தது. ஆதிநாராயணன் கும்பிடு போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். காஸ்பர் ஸ்டியரிங்கில் இருந்த டிரைவர் மதிவாணனை இறக்கித் தனியே இழுத்துப் போனார்.

"தம்பி, நான் பெரிய பாவம் பண்ணிட்டேங்க. அந்த ரோஸ்மில்க்க நான் குடுத்திருக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம சாரால பேச முடியலன்னா நான் எங்க போயி மொகத்த வெச்சுக்குவேன்?"

மதிவாணன் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, சாரு கொரலு நல்லாத்தான் இருக்குது. இப்பதான் கார்ல ஏறுனதும், 'சீக்கிரம் வண்டிய எடுடா, அடுத்த ஊசி வந்துடப்போவுது'ன்னு கத்துனாரு."

காஸ்பர் அப்படியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்தார். சாயங்காலத்திலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு முழுவதும் ஒரே பெருமூச்சாக வெளியே வந்தது. மாதாவுக்கு நன்றி சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை தப்பியது. ஊர் தப்பியது. ரோஸ்மில்க் தப்பியது. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கேட்கத் தோன்றியது.

"அப்பறம் ஏன் தம்பி அவ்ளோ வேதனையையும் தாங்கிக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தாரு?"

மதிவாணன் குனிந்து அவர் காதோரம் சொன்னான்:

"கிரிக்கெட்டு பைனலுன்னு நெனச்சு வந்துட்டாருண்ணே, கபடியில அவருக்கு 'கபடி'ங்கிற வார்த்தையத் தவிர வேற ஒண்ணும் தெரியாது!"