கர்னல் கையில் பூசிய அத்தர்

ஜெகதாப்பட்டினம்
வெள்ளிக்கிழமை காலை

மரியாதைக்குரிய மச்சான் சாதிக் பாட்சா அவர்களுக்கு முகம்மது கனியின் சலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் ஐஸ் பிளாண்ட் ஓடுகிறது. உங்கள் தங்கை சம்சுன் நிஹாருக்கு முட்டிவலி தேவலை. சின்னவள் பாசிலா பிளஸ் டூ படிப்பதாகச் சொல்லிக்கொண்டு போன் பார்க்கிறாள். ஷார்ஜாவில் நீங்களும் மருமகன் அஜ்மலும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். பாசிலா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கத்துங்கள்.

நமக்குள் இருந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். மூத்தவள் ஹுமா புதுக்கோட்டைப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளே, அங்கே நாளைய போர்வீரனுக்கு என்னென்ன புதுக் கருவிகள் வேண்டும் என்று ராணுவ விஞ்ஞானிகளின் மாநாடு. அதில் அவள் செய்த கவசச் சட்டை தேறினால் பெங்களூரில் இரண்டு வருஷ ஆராய்ச்சி வேலை. தேறாவிட்டால் நீங்கள் லீவில் வரும்போது உங்கள் மகன் அஜ்மலோடு நிக்காஹ். அவளும் இதற்குத் தலையாட்டியிருந்தாள். தேறாது என்றுதான் நான் தைரியமாக இருந்தேன். தேறவும் இல்லை. ஆனால் அதற்குக் காரணம் அவள் இல்லை. பாதிப் பழி உங்கள்மேல் விழுகிறது, எப்படி என்று சொல்கிறேன்.

“அத்தா, வாங்க. ஆனா வந்து பேசாம ஒக்காந்திருங்க, போதும்” என்று அவள் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். நேற்று நானும் சம்சுன் நிஹாரும் அறந்தாங்கி வழியாக பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், மண்டபத்து வாசலில் ஒரு மெஷின் நிற்கிறது, கழுத்து அட்டையைக் காட்டினால் பீப் என்கிறது, அவ்வளவுதான் வரவேற்பு. பன்னீர் இல்லை, சந்தனம் இல்லை, “வாங்க” என்று சொல்ல ஒரு நாதி இல்லை. எத்தனை பெரிய மனிதர்கள், டெல்லியிலிருந்து வந்தவர்கள், வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, ரிடையரான கர்னல் ஒருவர், எல்லோரும் துக்கவீட்டுக்குள் நுழைவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். மச்சான், நம் பிள்ளை மேடையேறுகிற விசேஷம், பெண்ணைப் பெற்றவன் வாசலில் நிற்காவிட்டால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? சட்டைப் பையில் நீங்கள் போன தடவை கொண்டுவந்த, அகில் மணக்கும் ஊது அத்தர் இருந்தது. எடுத்தேன். வந்தவர் கையைப் பிடித்து “வாங்க, வாங்க” என்று மணிக்கட்டில் ஒரு இழுப்பு. சம்சுன் நிஹார் பக்கத்தில் நின்று கல்கண்டு கொடுத்தாள். கர்னல் முகர்ந்து பார்த்துவிட்டு மீசையிலும் கொஞ்சம் தடவிக்கொண்டார். வெள்ளைக்கார அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். வாசல் கல்யாண வாசலாகிவிட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாட்டிலும் காலி.

உள்ளே நடந்ததைக் கேளுங்கள். நாளைய சிப்பாய்க்குத் தலையில் கேமரா, கண்ணில் இருட்டில் தெரிகிற கண்ணாடி, முதுகில் பேட்டரி, காலில் மோட்டார் வைத்த இரும்புச் சட்டம், காதுக்குள் யாரோ பேசிக்கொண்டே இருப்பார்கள். இத்தனையும் மாட்டிக்கொண்டு அவன் அவசரத்துக்கு ஒன்றுக்குப் போவது எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் எழுந்து கேட்டேன். மேடையில் இருந்தவர் நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். சம்சுன் நிஹார் என் தொடையில் கிள்ளியதில் தழும்பே இருக்கிறது.

அப்புறம் ஹுமா வந்தாள். அவள் செய்த கவசச் சட்டை காற்றில் விஷவாயு கலந்தால் மோப்பம் பிடித்து, “ஆபத்து! முகமூடி போடவும்!” என்று கத்தும். குரல் அவளுடையதேதான், என்னைச் சீனி போட்ட டீ குடிக்காதே என்று அதட்டுகிற அதே குரல். என்.சி.சி. மாணவன் எழிலரசன் அதை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும், அவள் சோதனை வாயு அடைத்த ஒரு குப்பியைத் திறக்க வேண்டும், அப்போது கத்த வேண்டும். குப்பி மூடியே இருக்கிறது, இது கத்துகிறது. அணைத்துப் போட்டாள், மறுபடி கத்துகிறது. எழிலரசன் நாற்காலி வரிசைக்குள் நடக்கிறான், ஒவ்வொரு பெரிய மனிதர் முன்னாலும் ஆபத்து, ஆபத்து. கர்னல் மீசைக்குப் பக்கத்தில் போனதும் தொண்டை கிழிகிறது. யாரோ “லீக், லீக்” என்றார்கள், மொத்தக் கூட்டமும் வெளியே ஓடியது. நானும் ஓடினேன். வேப்பமரத்தடியில் சட்டை அமைதியாகிவிட்டது, எழிலரசன் என் பக்கமாக வரும்வரை. என்னைப் பார்த்ததும் அது கத்திய கத்தலில் நிறுத்த முடியாமல் பேட்டரியையே பிடுங்க வேண்டியதாயிற்று.

“அத்தா, பாக்கெட்ல என்ன?” என்றாள் ஹுமா.

“ஒண்ணும் இல்லம்மா. வந்தவங்களுக்குக் கொஞ்சம் அத்தர் பூசுனேன்.”

“எத்தனை பேருக்கு?”

“ஒருத்தரை விட்டு ஒருத்தருக்குப் பூசுனா நல்லாவா இருக்கும்?”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கர்னல் வந்து, எதிரியையும் விருந்தாளியையும் ஒன்றாகத் திட்டுகிற கருவியை ராணுவம் எடுக்காது என்று இங்கிலீஷில் பக்குவமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஹுமா, “மாமாவை வரச் சொல்லுங்க. வாக்குக் குடுத்துட்டேன்ல” என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், நான் கேட்டது இதைத்தானே. இல்லை மச்சான்.

ஆனாலும் பேச்சு பேச்சுதான். நீங்கள் டிக்கெட் போட்டுவிடுங்கள். ஜமாஅத்தில் நான் சொல்லி வைக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வைத்துக்கொண்டால் பந்திக்கு ஊரே இருக்கும். அஜ்மல் தங்கமான பிள்ளை, அவனுக்கு என் துஆவைச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் பேர்பேராக சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், இந்தக் கடிதத்தை வாசிக்கிற பொறுமையையும் கொடுப்பானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்
முகம்மது கனி

பி.கு: மேலே உள்ளதை எழுதி முடித்துப் பாசிலாவிடம் கொடுத்தேன். படம் பிடிக்காமல் நின்றாள். “அத்தா, கர்னல் அக்காவுக்கு மெயில் போட்டுருக்காரு. அடுத்த மாசம் பெங்களூருக்கே வந்து இன்னொரு தடவை காட்டச் சொல்றாரு. அக்கா ஒங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னுருச்சு” என்றாள். ஹுமாவின் அறைக்குப் போனேன். மேசைமேல் கவசச் சட்டையைப் பிரித்துப் போட்டு, சுற்றிக் கிண்ணங்களில் பன்னீர், கருவாடு, ஊதுபத்திச் சாம்பல் வைத்து, இதெல்லாம் எதிரி இல்லை என்று அதற்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். “பெங்களூருக்குப் போறியாம்மா?” என்றேன். “இல்லத்தா.” “பின்ன எதுக்கு இதெல்லாம்?” “சும்மாதான். எங்க தப்புன்னு தெரிஞ்சுக்கணும்ல” என்றாள், நிமிராமலே. நீ பெங்களூருக்குப் போய்ட்டு வாம்மா என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

டிக்கெட் போடாதீர்கள் மச்சான். வாக்கு அவள் கொடுத்தது, உடைத்தது நான். கோபத்தை என்மேல் காட்டுங்கள். அஜ்மலிடம் நானே பேசுகிறேன். நீங்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள்: ஹுமாவுக்குப் போன் போட்டு, “போய்ட்டு வா தாயி” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னேன், அவள் நம்பவில்லை. தாய்மாமன் சொன்னால் நம்புவாள். நான் சொன்னபோது நிமிர்ந்து பார்த்து, “அப்பன்னா ஒங்க சட்டையக் கழட்டிக் குடுங்க, அதுலதான் அத்தர் நல்லா ஊறியிருக்கு” என்று மட்டும் கேட்டாள். கொடுத்துவிட்டேன். ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லியாயிற்று, நான் இன்னும் பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே கவசச் சட்டை கத்துவதும் அவள் சிரிப்பதும் கேட்கிறது.