முதலில் மங்களம் பாடியவர்

உலகத்தில் எல்லாரும் கச்சேரியை மங்களத்தில் முடிப்பார்கள். மங்களத்தில் ஆரம்பித்த ஒரே மனிதர் எங்கள் கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில்தான் இருந்தார். அதனால் அவர் பெயரே மங்களம். சொந்தப் பெயர் அதை வைத்தவர்களுக்கே மறந்திருக்கும்.

எழுபதுகளின் கடைசி. தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து ஊர் திரும்புகிற நாங்கள் சனிக்கிழமைதோறும் வண்டியில் பஜனை பாடிக்கொண்டு வருவோம். சாமி படம் ஜன்னல் கம்பியில், டோலக் ஸ்டோர்கீப்பர் மடியில். எண்ணூர் நெருங்கும்போது மங்களம் பாடிச் சுண்டல் கொடுப்பது வழக்கம்.

லேத் மெஷினில் வேலை பார்த்த மங்களமோ, வண்டி கும்மிடிப்பூண்டியை விட்டு நகர்வதற்குள் எழுந்து நின்று, கண்ணை மூடி, மங்களத்தை முழுசாகப் பாடிவிடுவார். தொண்டை அப்படிப்பட்டது. ஒருமுறை கார்டு கொடியோடு ஓடிவந்து, யாருக்காவது அடிபட்டதா என்று விசாரித்தார்.

பாடி முடித்ததும் கை நீட்டுவார். "எனக்கு மங்களம் ஆயிடுச்சு. சுண்டல் குடு."

"யோவ், இன்னும் புள்ளையார் பாட்டே ஆரம்பிக்கல! இன்னாய்யா உன்னோட பேஜாரு?" என்பார் ஸ்டோர்கீப்பர்.

"நான் மீஞ்சூர்ல எறங்கணுமே. மங்களம் பாடாம பாதியில போனா சாமிக்கு மரியாதையா?"

சாமிக்குப் பயந்து கொடுப்பார்கள். அதை டிபன் பாக்ஸில் திணித்துக்கொண்டு, மீஞ்சூரில் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடுவார்.

அப்போது எனக்கு எழுத்துப் பித்து. அனுப்பிய கதையெல்லாம் போன சுருக்கில் திரும்பி வந்துகொண்டிருந்தது. கடைசியில் மங்களத்தைப் பற்றி எழுதினேன், பக்தி வாயில், புத்தி சுண்டலில் என்று. வாரப் பத்திரிகை ஒன்றில் வந்தேவிட்டது. அந்தச் சனிக்கிழமை ஸ்டோர்கீப்பர் அதை உரக்கப் படிக்க, பெட்டியே தொடையில் தட்டிச் சிரித்தது. மங்களம் பத்திரிகையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று சுண்டலுக்குக் கை நீட்டவில்லை.

அடுத்த வாரம் நான் கடைசிப் பெட்டியில் ஒளிந்துகொண்டேன். மனிதர் பொன்னேரியில் இறங்கி, பெட்டி பெட்டியாகத் தேடிப் பிடித்துவிட்டார். அடிதான் என்று கண்ணாடியைக் கழற்றினேன்.

"சார், நீங்க எழுதினத அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். வாதம் வந்து படுத்து நாலு வருசம். அன்னிக்குத்தான் சிரிச்சுது. உங்கள பாக்கணும்னுது. ஊட்டுக்கு வாங்க."

மீஞ்சூரில் ஒரே அறை வீடு. கயிற்றுக் கட்டிலில் கிடந்த அக்காவை அலுங்காமல் தூக்கித் தோளில் சாய்த்தார், முகம் துடைத்தார். அன்றைய சுண்டலை மசித்து ஊட்டிக்கொண்டே, பஜனையில் தான் பாடாமல் வந்த பாட்டையெல்லாம் வரிசையாகப் பாடினார்.

"மார்கழியில தெருவெல்லாம் அக்காதான் இதப் பாடிக்கினு போவும் சார். அதோட வாய் நின்னப்பறம்தான் நான் வாயத் தொறந்தேன்."

அக்கா என்னைப் பார்த்துக் குழறிக் குழறிச் சொன்னார்: "நல்லா எழுதியிருக்க நைனா. ஒண்ணுதான் தப்பு. சுண்டல் இவன் துன்னதே இல்ல. ஒண்ணுகூட. அத்த மட்டும் மாத்தி எழுதிடு."

"எழுதறேங்க்கா" என்றேன்.

எழுதவில்லை. அந்தச் சிரிப்பை நம்பித்தான் பத்திரிகைக்காரர்கள் என்னை மேலும் எழுதச் சொல்லியிருந்தார்கள். மாற்றினால் சிரிப்பு போய்விடும், கூடவே எனக்கு வந்த பெயரும் போய்விடும் என்று பயந்தேன். அடுத்த ஆடியில் அக்கா போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு மங்களத்துக்கு மீஞ்சூரில் அவசரமில்லை. எண்ணூர்வரை வந்து, எல்லாரோடும் கடைசியில் மங்களம் பாடிவிட்டு, எதிர் வண்டியில் திரும்புவார்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது எழுதுகிறேன்: அவர் ஒரு சுண்டல்கூடத் தின்றதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாற்றி எழுதாததைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஏறினால் நகர்ந்து, துண்டால் பலகையைத் தட்டி, "வா சார், இங்க குந்து" என்பார். அவர் பக்கத்தில் உட்கார உடம்பெல்லாம் கூசும். பெட்டியே காலியாக இருந்தாலும் வேறு எங்கும் உட்கார எனக்கு மனம் வந்ததில்லை.