அரைக்கண் போட்ட திருத்தங்கள்

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்த ‘மழை’யை மறுபடியும் காணோம். அந்த இடத்தில் ‘தூறல்’ உட்கார்ந்திருந்தது.

“பாருங்க மேடம், நேத்து சாயங்காலம்தான் சரி பண்ணினேன்.” பிழைதிருத்துநர் திரையைப் பேராசிரியை பக்கம் திருப்பினார்.

பிழைதிருத்துநர் என்பது அவருடைய பழைய உத்தியோகம். பத்தொன்பது வருஷம் ஒரு நாளிதழில் ஒற்று பார்த்தவர். இனி அதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றெரிச்சலில், இலக்கியத்தையும் கணினியையும் சேர்த்துச் சொல்லித்தரும் முதுகலைப் படிப்பில் நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். வகுப்பே அவரை ‘அங்கிள்’ என்றது. நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி இரண்டு ஷிப்ட் போய் வந்தாள். ஃபெயிலாக அவருக்கு வசதியில்லை.

அவருக்குக் கிடைத்த திட்டப்பணி, மறைந்த கவிஞர் ஒருவரின் கையெழுத்து நோட்டுகள். பழைய பேப்பர் கடையிலிருந்து துறை மீட்டவை. பக்கங்களைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்ற வேண்டும். பொதுமக்கள் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார்கள். பொதுமக்கள் பங்கேற்புக்குத் தனி மதிப்பெண்.

பொதுமக்களில் வந்தது ஒரே ஒரு ஆள். பெயர் ‘அரைக்கண்’. இரண்டு வாரத்தில் நூற்றெண்பது பக்கம் அடித்துத் தள்ளிவிட்டான். தேடினாலும் ஒரு பிழை கிடையாது. ஆனால் அங்கங்கே கவிஞரின் வார்த்தையைத் தூக்கிவிட்டுத் தன் வார்த்தையைச் செருகியிருந்தான்.

“விஷமி. தடை பண்ணுங்க” என்றார் பேராசிரியை.

தடை பண்ணினார். மறுநாள் ‘முக்கால்கண்’ என்று ஒருவன் வந்து தூறலைத் திரும்பப் போட்டான்.

பிழைதிருத்துநர் அந்தப் பருவத்தில் கற்ற வித்தையையெல்லாம் கூட்டி ஒரு நிரல் எழுதினார். தளத்தில் எங்கே ‘தூறல்’ வந்தாலும் அடுத்த நொடி ‘மழை’ ஆகிவிடும். ஆனது. முன்னுரையாக இருந்த பேராசிரியையின் ‘கண்ணீர்த் தூறல்’ என்ற கட்டுரையும் ‘கண்ணீர்த் மழை’ ஆனது.

“ஒற்றுப்பிழையோட என் கட்டுரை! அதுவும் உங்க கையால!”

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் மனைவி சாப்பிட்டபடி திரையை எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, தூறல்தான் நல்லாயிருக்கு.”

அவருக்கும் அப்படித்தான் பட்டது. அதுதான் கோபம். “நல்லாயிருக்கறதா முக்கியம்? அவர் என்ன எழுதினாரோ அதுதான் முக்கியம்.”

நல்லதனமாகப் பேசிப் பார்ப்போம் என்று, தடையை நீக்கி அரைக்கண்ணுக்குச் செய்தி அனுப்பினார். ‘ஐயா, ஒரு பெரிய கவிஞர் எழுதியதை மாற்றலாமா?’

பதில் வந்தது. ‘அவன் அப்போ சின்னப் பையன். அவசரத்துல எழுதிட்டான்.’

“அவனாம்! அவனாம், மேடம்!”

பேராசிரியைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அரைக்கண் அதற்குள் கவிஞரின் வாழ்க்கைக் குறிப்புக்குள் புகுந்து, மறைந்த வருஷத்தையே அழித்திருந்தான். அந்த வருஷத்தைக் கண்டுபிடித்துத்தான் அவர் டாக்டர் பட்டமே வாங்கியிருந்தார்.

“மூணு சுடுகாட்டுப் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடிச்சது! பூட்டுங்க தளத்தை! இனி ஒரு ஈ, எறும்பு உள்ளே வரக்கூடாது!”

பூட்டினார். வருஷத்தைத் திரும்பப் போட்டார், இந்த முறை தடித்த எழுத்தில். அரைக்கண் பதினோரு முறை கதவைத் தட்டியதாகக் கணினி காட்டியது. பிறகு தட்டவில்லை.

பங்கேற்பு மதிப்பெண் போச்சே என்று பயந்தவர், நடந்த கூத்தையே ஓர் அத்தியாயமாக்கினார்: ‘இணையக் காப்பகங்களில் விஷமத்தனம்’. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் அரைக்கண்ணின் பதிலைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். முதல் வகுப்பு. மனைவி அன்று ஒரு ஷிப்டுக்கு லீவு போட்டாள்.

தளத்தின் திறப்பு விழாவன்று, அரங்கத்துக்கு வெளியே ஒரு பெண் அவரை நிறுத்தினாள். நாற்பது வயதிருக்கும். கண் வீங்கியிருந்தது.

“இந்தத் தளத்தைப் பார்த்துக்கறது நீங்களா? உள்ளே போகவே முடியலை. ‘அரைக்கண்’ணுன்னு பேர் போட்டா விரட்டுது.”

“அரைக்கண்ணா? நீங்களா அது?”

“நான் இல்லைங்க, எங்க அப்பா. ஒரு கண்ணு சுத்தமாத் தெரியாது, இன்னொண்ணு பாதி. அதான் அந்தப் பேர்.”

மூன்று மாதம் தேக்கி வைத்திருந்தது அவருக்குள் உடைந்தது.

“உங்க அப்பாவால நான் பட்ட பாடு தெரியுமாம்மா? ஒருத்தர் உயிரைக் கொடுத்து எழுதினதுல கையை வைக்கிறாரே! செத்துப்போன மனுஷனுக்கு ஒரு மரியாதை வேண்டாம்?”

அவள் அவருக்கு மூச்சு வாங்கும்வரை நின்றாள்.

“வேற எதையும் மாத்த வேண்டாம் சார், கவிஞர் மறைஞ்ச வருஷத்தை மட்டும் மாத்திடுங்க. அப்பா நேத்துக் காலையிலதான் போனார்.”