மழையில் நின்ற பெண்ணும் சௌக்கியம் சாரும்

ராங் கால் வந்தால் சந்தோஷப்படுகிற ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் ஆபீஸ் சௌக்கியம் சார்தான். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். துடியலூரில் நாங்கள் வேலை பார்க்கும் மோட்டார் பம்ப் கம்பெனியில் அவர் ஸ்டோர் இன்சார்ஜ், நான் அக்கவுண்ட்ஸ். யாரைப் பார்த்தாலும் "சௌக்கியமுங்களா?" என்பார். எல்லோரும்தான் கேட்கிறோம். அவர் மட்டும் பதிலுக்குக் காத்திருப்பார். பதில் நீளும் போலிருந்தால் நாற்காலியும் இழுத்துப் போடுவார்.

ஒரு நாள் கொடுமுடியிலிருந்து யாரோ, டிராக்டர் மெக்கானிக் என்று நினைத்து இவருக்குப் போன் போட்டுவிட்டார். நாமாக இருந்தால் ராங் நம்பர் என்று வைத்துவிடுவோம். இவர் டிராக்டருக்கு என்ன ஆச்சு என்று ஆரம்பித்து, அவர் மனைவி பிரசவத்துக்குப் போயிருப்பது வரை விசாரித்துவிட்டார். பிறகு அந்தக் குழந்தையின் காது குத்துக்கு எவர்சில்வர் குடத்தோடு போய், முதல் பந்தியில் சாப்பிட்டும் வந்தார். இன்சூரன்ஸ் விற்கக் கூப்பிட்ட ஒரு பெண்ணை, "குரல் ஒரு மாதிரி இருக்குதே கண்ணு, சாப்ட்டீங்களா?" என்று கேட்டு அழவே வைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கம்பெனியிலிருந்து அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

இப்பேர்ப்பட்டவரை நான் ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போனேன்.

காலேஜ் நாளிலிருந்து எனக்கு ஒரு பாடகர் மேல் பைத்தியம். தானே எழுதி, தானே மெட்டமைத்து, ஒற்றைக் கிடாரோடு பாடுகிறவர். தலை நரைத்துவிட்டது, குரலுக்கு இன்னும் வயதாகவில்லை. அவர் பாட்டைக் கேட்டுத்தான் பரீட்சைக்குப் படித்தேன், கல்யாணத்துக்கு முன்னால் அழுதேன், கல்யாணத்துக்குப் பின்னால் சமைத்தேன். நேரில் மட்டும் பார்த்ததில்லை. போன மாதம் அவர் கோவைக்கு வருகிறார் என்றதும் இரண்டு டிக்கெட் எடுத்தேன். என் கணவர் அன்றைக்குப் பார்த்து முதுகு வலி என்று படுத்துவிட்டார். மத்தியானம் சாப்பிடும்போது இதை ஆபீசில் சொல்லிப் புலம்பினேன். அங்கேதான் தப்பு நடந்தது.

"நானு வாரேனுங்க அம்மணி" என்றார் சௌக்கியம் சார்.

"அவர் பாட்டு கேட்டிருக்கீங்களா சார்?"

"கேட்டதில்லீங்க. அதுக்கென்ன, போய்க் கேட்டாப் போச்சு."

என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, சிக்னலுக்குச் சிக்னல் பக்கத்து வண்டிக்காரர்களை நலம் விசாரித்தபடியே வந்தார். ஹால் வாசலில் செக்யூரிட்டிக்காரரின் மகளுக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது என்று கேட்டுக்கொண்டு நின்றவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கொண்டுபோனேன்.

விளக்குகள் அணைந்தன. அவர் மேடைக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் 'அந்த'ப் பாட்டு வந்தது. அவிநாசி பஸ் ஸ்டாண்டில் மழை. கையில் ஒரு துணிப்பையோடு ஒரு பெண் நிற்கிறாள். எந்த பஸ் வந்தாலும் ஏறவில்லை. 'மழை நின்ற பிறகும் அவள் நின்றாள்' என்று முடியும். அவ்வளவுதான் பாட்டு, ஊரே உருகும்.

"ஏனுங்க அம்மணி" என்று காதருகே குரல். "எதுக்கு பஸ் ஏற மாட்டேங்குது?"

"சார், அது பாட்டு சார்."

"பாட்டுத்தானுங்க. ஆனா புள்ள நனையுதே."

பாட்டு முடிந்ததும் ஹால் அதிரக் கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்த இடைவெளியில் சௌக்கியம் சார் எழுந்து நின்றார்.

"ஏனுங்க ஐயா! அந்தப் புள்ள ஊடு போய்ச் சேந்துச்சுங்களா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டேன். இருபது வருடக் கனவில் மண். பாடகரும் சிரித்தார். "அதை உங்க கற்பனைக்கு விட்டுட்டேன் சார்" என்றார். அதற்கும் ஒரு கைதட்டல்.

சௌக்கியம் சார் உட்காரவில்லை. "கற்பனை இருக்கட்டுமுங்க. எழுதுனவரு நீங்க. பொட்டப்புள்ளய மழையில நிறுத்திப்போட்டு நீங்க பாட்டுக்கு அடுத்த பாட்டுக்குப் போனா எப்புடிங்க?"

இரண்டு தடியர்கள் எங்கள் வரிசையை நோக்கி வந்தார்கள். இவரோடு சேர்த்து என்னையும் வெளியே தள்ளப்போகிறார்கள் என்றே முடிவு கட்டினேன்.

"அவரை விடுங்க" என்று மைக்கில் குரல் வந்தது. பாடகரின் முகத்தில் சிரிப்பு இல்லை. கிடாரைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இத்தன வருசமா இந்தப் பாட்டுக்குக் கை தட்டிருக்காங்க. போய்ச் சேந்துச்சான்னு ஒருத்தரும் கேட்டதில்லீங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடையில் எப்போதும் சென்னைத் தமிழ் பேசுகிறவர். சொந்த ஊர் எதுவென்று எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. அவிநாசியும் பாட்டுக்காக வந்த ஊர் என்றே நினைத்திருந்தேன். அவர் எங்கள் ஊர்ப்பக்கம் என்பதே அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

"அது எங்க அக்காங்க. புடிச்ச பையனக் கட்டிக்கிட்டுப் போச்சு. ரெண்டே மாசத்துல திரும்பி வந்துச்சு. எங்கப்பா ஊட்டுக்குள்ள உடலீங்க. நானு பள்ளிக்கூடம் உட்டு பஸ்ல வாரப்ப, அவிநாசி பஸ் ஸ்டாண்டுல நனைஞ்சுட்டு நின்னதப் பாத்தேன். அதோட சரி. எங்கயாச்சும் இருந்து கேட்டா வந்துருமுன்னுதான் ஊர் ஊராப் பாடிட்டு இருக்கேன்."

நான் கைப்பையை இறக்கினேன். இனியாவது உட்கார்ந்துவிடுவார் என்று பார்த்தால், மனிதர் அசையவே இல்லை.

"அக்கா பேரு என்னங்க?"

"துளசிமணிங்க."

"அப்ப பேரச் சொல்லிப் பாடோணுமுங்க. பேரில்லாமப் பாடுனா, நம்மளத்தான் கூப்புடறாங்கன்னு அவங்களுக்கு எப்புடித் தெரியும்?"

பாடகர் கிடாரை எடுத்து அதே பாட்டை முதலிலிருந்து பாடினார். 'மழை நின்ற பிறகும் துளசிமணி நின்றாள்' என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. யாரும் கை தட்டவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது எந்த சிக்னலிலும் சௌக்கியம் சார் வாயைத் திறக்கவில்லை. துடியலூர் நெருங்கும்போதுதான் பேசினார்.

"அம்மணி, அந்தம்மாவுக்கு இப்ப அறுவதுக்கு மேல இருக்குமுங்க. கால் வலி இருக்கும். எங்கயாச்சும் ஒக்காந்துட்டுக் கேட்டாங்கன்னாத் தேவலைங்க."

அவர் வீட்டுத் தெரு வந்துவிட்டது. அவரை இறக்கிவிட எனக்கு மனசே வரவில்லை.